இரண்டாம் பாகத்தின் வழக்கு: சிலம்பும் மேகலையும்

ஒரு நூலின் தொடர்ச்சியாக வரும் இன்னொரு நூலுக்குத் தமிழ் வாசகன் எளிதில் இடம் கொடுப்பதில்லை. கம்பன் முடிசூட்டு விழாவோடு நிறுத்திய இராமகாதையை, ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்கும் உத்தரகாண்டம் மேலே எடுத்துச் சென்றது. கம்பனுக்கு ஊர்தோறும் கழகங்கள் உண்டு. உத்தரகாண்டத்தைத் தேடிப் படிப்போர் மிகச் சிலர். விதிவிலக்குகளும் உள. கல்கி, 'பார்த்திபன் கன'வை முதலில் எழுதிவிட்டு, அதற்கு முந்தைய தலைமுறையின் கதையான 'சிவகாமியின் சபத'த்தைப் பின்னர் எழுதினார். அங்கே பின்வந்ததே பெரிதாய் நின்றது. எனினும் பொதுவழக்கு மாறவில்லை: முதலாவது மூலம், இரண்டாவது நிழல்.

இந்த வழக்கில் மிக நீண்ட காலமாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்பது மணிமேகலை. இரட்டைக் காப்பியம் என்று சேர்த்தே சொல்கிறோம், சேர்த்துப் படிப்பதில்லை. சிலம்பு கலையென்றும் மேகலை பிரசாரமென்றும் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. பாடத்திட்டங்களில் சிலம்பிலிருந்து வழக்குரை காதையும் மேகலையிலிருந்து பெரும்பாலும் ஆதிரை பிச்சையிட்ட காதையும் இடம்பெறும். எஞ்சிய மேகலை நூலகத்தில் தூசி படிந்து கிடக்கும். அத்தீர்ப்பை மறுவிசாரணைக்கு எடுத்துக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறுவிசாரணைக்கு வேண்டிய அளவுகோலை நான் கண்டெடுத்த இடம் சற்று விசித்திரமானது. ஏரியூர்ப் பகுதியின் இளைஞர்கள் கைப்பேசியிலும் கணினியிலும் ஆடும் மாயாஜால வீடியோ விளையாட்டுகளைப் பற்றிப் பேசும்போது 'இரண்டாம் பாகம்' என்ற சொல் அடிக்கடி அடிபடும். அவர்கள் கேட்கும் கேள்விகள் நம் விமர்சகர்களின் கேள்விகளைவிடக் கூர்மையானவை. உலகம் அதேதானா, விரிந்திருக்கிறதா? பழைய நாயகன் வருகிறானா, அவன் வாரிசு வருகிறானா? பழைய ஆயுதம் இங்கே செல்லுபடியாகுமா? முதல் பாகத்தில் முடியாமல் விட்ட கணக்கு இதில் தீர்கிறதா? 'முதலாவது போல் இருக்கிறதா' என்பது அவர்களுடைய முதற்கேள்வி அன்று.

வேடம் கட்டும் ஆட்டம்

இத்தகைய விளையாட்டுகளை 'ரோல் பிளேயிங்' வகை என்பர். ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் கண்ணால் உலகைக் கண்டு, அதன் கையால் வினை செய்து, படிப்படியாக ஆற்றல் பெறுவார். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டியபின் கூத்தாடியை ஊரார் அர்ச்சுனன் என்றே காண்பர். பாரதக் கூத்து இரவிரவாகத் தொடரும். ஒவ்வோர் இரவும் முந்திய இரவின் இரண்டாம் பாகம். நேற்றைய கூத்து இன்றைய கூத்தைவிடச் சிறந்ததா என்று அங்கே யாரும் தராசு பிடிப்பதில்லை. நேற்று எரிந்த சினம் இன்று எங்கே போய் முடியும் என்றே காத்திருப்பர்.

இவ்வகையின் வரலாற்றில் ஜப்பானின் 'டிராகன் குவெஸ்ட்' ஒரு மைல்கல். யூஜி ஹோரி வடிவமைத்து, எனிக்ஸ் நிறுவனம் 1986 மே மாதம் வெளியிட்டது. ஒரே ஒரு வீரன். ஓர் எதிரிக்கு ஓர் எதிரி என்ற நேர்ப்போர். அலெஃப்கார்ட் என்னும் ஒரே நாடு. மீட்க ஓர் இளவரசி. வெல்ல ஒரு டிராகன் அரசன். கதை நேர்கோட்டில் சென்று நிறைவடைகிறது. எட்டே மாதங்களில், 1987 ஜனவரியில், இரண்டாம் பாகம் வந்தது. கதையில் நூறாண்டுகள் கடந்துவிட்டன. முதல் வீரன் இல்லை. அவன் வழிவந்த இரு இளவரசர்களும் ஓர் இளவரசியும் இருக்கின்றனர். இளவரசி சாபத்தால் நாயுருவில் அலைகிறாள். மாயக் கண்ணாடி ஒன்று அவளுக்குத் தன்னுருவை மீட்டுத் தருகிறது. கப்பல் கிடைக்கிறது; கடல் திறக்கிறது. முதல் ஆட்டத்தில் உலகம் முழுவதுமாயிருந்த அலெஃப்கார்ட் இங்கே பெரிய வரைபடத்தின் ஒரு மூலை. முன்பு கொல்லப்பட்ட டிராகன் அரசனின் வழித்தோன்றல் பகைவனாக அன்றி வழிகாட்டியாக வருகிறான். முன்னோர் ஏந்திய வாள் கிடைக்கிறது. ஆனால் அதைவிட வலிய ஆயுதங்கள் இந்த உலகில் உண்டு. கடைசிப் பகுதியோ தாங்கமுடியாத கடினம் என்ற புகார் இன்றுவரை நீடிக்கிறது. 1988 பிப்ரவரியில் வந்த மூன்றாம் பாகம் காலத்தில் பின்சென்று, முதல் பாகத்துக்கு முந்திய கதையைச் சொன்னது. கல்கி செய்ததும் அதுதான்.

இந்த விவரங்களை வாசிக்கையில் மேகலையை அறிந்தவர்களுக்கு ஒரு புன்னகை எழும். வாரிசு, சாபம், உருமாற்றம், கடல்வழி, மூலையாய்ச் சுருங்கிய பழைய நகரம், பயன்படாத பழைய ஆயுதம், கடினமான முடிவு என்று ஏறத்தாழ ஒவ்வொன்றும் சாத்தனாரிடம் இருக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுந்தது என்பதற்கில்லை. தொடர்ச்சி என்னும் வடிவத்துக்கே உரிய தேவைகள் காலமும் நாடும் கடந்து ஒரே விடைகளைக் கேட்கின்றன என்பதே பொருள்.

வாரிசும் வரைபடமும்

சிலம்பின் உலகம் மூன்று நகரங்களால் ஆனது. புகார், மதுரை, வஞ்சி என்ற மூன்று காண்டங்கள், முப்பது காதைகள். மேகலைக்கும் காதைகள் முப்பதே. ஆனால் காண்டப் பிரிவு இல்லை. மண்ணில் நடந்து செல்லும் காப்பியம் சிலம்பு. கவுந்தியடிகளோடு காவிரிக் கரையில் நடந்த பாதங்களின் களைப்பு அதில் இருக்கிறது. மேகலையின் நாயகி நடப்பதில்லை, பறக்கிறாள். மணிமேகலா தெய்வம் அவளை உறக்கத்திலேயே தூக்கிச் சென்று, முப்பது யோசனைத் தொலைவில், தெற்கே மணிபல்லவத் தீவில் வைக்கிறது. பிறகு அவள் தானாகவே சாவகம் செல்கிறாள், வஞ்சி செல்கிறாள், காஞ்சி செல்கிறாள். முதல் நூலின் தொடக்கத்தில் உலகின் மையமாயிருந்த புகார், இரண்டாம் நூலின் நடுவே கடலுக்கு இரையாகிறது. தொடர்ச்சி எழுதும் ஆசிரியன் முன்னவனின் மேடையையே கலைத்துவிடுவது துணிச்சலான செயல். திரும்பிச் செல்ல வீடில்லை என்பதை வாசகனுக்கு அவன் அறிவித்துவிடுகிறான்.

அடுத்தது வாரிசு. மணிமேகலை மாதவி வயிற்றில் பிறந்தவள். கடலில் தன் முன்னோரைக் காத்த தெய்வத்தின் பெயரைக் கோவலன் மகளுக்கு இட்ட செய்தி சிலம்பின் அடைக்கலக் காதையிலேயே வருகிறது. அவள் துறவு வரந்தரு காதையில் சொல்லப்படுகிறது. அவளை அழைத்துச் செல்ல ஆள் வரும்போது, மேகலையின் மாதவி ஒரு வியப்பான விடை சொல்கிறாள்: இவள் அந்தப் பெரும்பத்தினியின் மகள் என்று. பெற்றவள் தானாயிருக்க, மகளைக் கண்ணகிக்கு உரியவளாக அறிவிக்கிறாள். முதல் பாகத்தில் எதிரெதிரே நின்ற இரு பெண்களின் உறவை ஒரு வாக்கியம் மாற்றியமைக்கிறது. டிராகன் குவெஸ்டில் வாரிசுரிமை இரத்தத்தால் வருகிறது. சாத்தனாரிடம் அது தேர்வால் வருகிறது. குலத்தொழிலை மறுக்கும் ஒரு கணிகையின் மகளுக்கு இதைவிடப் பெரிய உடைமை வேறில்லை.

சிலம்பு முடிந்து பாத்திரம்

இரு நூல்களின் பெயர்களும் அணிகலன்களின் பெயர்கள். ஆயினும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சிலம்பில் அணிகலன்தான் கதை. அது விற்கப்படப் போகிறது, கள்வன் கைப்பொருளாகக் காட்டப்படுகிறது, அரசவையில் உடைகிறது, அதிலிருந்து தெறித்த மாணிக்கம் ஓர் அரசனைக் கொல்கிறது. மேகலை என்னும் இடையணி கதையில் எந்த வேலையும் செய்வதில்லை. நாயகியின் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே வேலை செய்யும் பொருள் அமுதசுரபி என்ற பிச்சைப் பாத்திரம்.

நகைகளின் உலகிலிருந்து பாத்திரத்தின் உலகுக்கு வருவதே சாத்தனாரின் பெரிய நகர்வு. சிலம்பு ஒரு வணிகக் குடும்பத்தின் செல்வம், தொலைந்தால் துயரம். அமுதசுரபி யாருடைய உடைமையும் அன்று. மதுரையில் சிந்தாதேவி கொடுக்க, ஆபுத்திரன் கையில் அது முதலில் வந்தது. இந்திரன் மழையைப் பெருக்கியதும் பசித்தவர் எவரும் இல்லாது போகவே, பாத்திரத்துக்கும் வேலை இல்லாது போயிற்று. சாவகத்துக்குப் புறப்பட்ட கப்பல் அவனை மணிபல்லவத்தில் விட்டுச் சென்றது. ஊட்ட ஆளில்லாத தீவில் தான் மட்டும் உண்பதை வெறுத்து, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாமல் உயிர்விட்டான். எடுத்துண்ண எல்லாம் இருந்தும், பகிர ஆளில்லை என்பதற்காக இறந்தவன் அவன். பின்னர் வைகாசி முழுமதி நாளில் பொய்கையிலிருந்து எழுந்த அப்பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்தது. முதற்பிச்சை ஆதிரை இட்டாள்.

உருமாறும் மந்திரம், வான்வழிச் செல்லும் மந்திரம், பசி நீக்கும் மந்திரம் என்று மூன்றைத் தெய்வம் அவளுக்குக் கொடுத்தது. விளையாட்டின் மொழியில் சொன்னால் நாயகிக்கு மூன்று ஆற்றல்கள். அவற்றுள் ஒன்றுகூடத் தாக்கும் ஆற்றல் அன்று. உதயகுமரன் பின்தொடரும்போது அவள் காயசண்டிகையின் உருவை ஏற்கிறாள். வேடம் கட்டுதல் இங்கே தற்காப்பு. அந்த வேடமே அவனுக்கு எமனாகிறது. காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், தன் மனைவியை இவன் நாடுகிறான் எனத் தவறாக எண்ணி, வாளால் வெட்டுகிறான். முதல் பாகத்தில் ஒரு சிலம்பைப் பார்த்து மயங்கிய அரசனால் ஓர் உயிர் போனது. இரண்டாம் பாகத்தில் ஓர் உருவைப் பார்த்து மயங்கிய கணவனால் ஓர் உயிர் போகிறது. ஒத்த பொருளும் ஒத்த உருவும் ஏமாற்றும் என்ற பழைய செய்தி புதிய இடத்தில் திரும்ப நிகழ்கிறது. ஆனால் இம்முறை நகரை எரிக்கும் சினம் எழவில்லை. அக்கொலைக்கு முன்பே மணிமேகலை தானாகச் சிறைக்கோட்டம் புகுந்து, அங்கிருந்தோர்க்கு உணவூட்டி, அரசனிடம் வரம் கேட்டு, அதை அறக்கோட்டமாக மாற்றியிருந்தாள். கண்ணகி நகரை எரித்தாள். இவள் சிறையைத் திறக்கிறாள்.

வஞ்சியில் ஒரு சந்திப்பு

மேகலையின் உச்சம் எது என்று கேட்டால் பலரும் அமுதசுரபி கிடைத்த இடத்தைச் சொல்வர். என் கணிப்பில் அது இருபத்தாறாம் காதை. வஞ்சியில் கண்ணகிக்கும் கோவலனுக்கும் எழுப்பப்பட்ட படிமங்களின் முன் மணிமேகலை சென்று நிற்கிறாள். சிலம்பு அந்தப் படிமத்தோடுதான் முடிந்தது. இமயத்துக் கல், கங்கை நீராட்டு, சேர வேந்தனின் வணக்கம் ஆகியவற்றோடு கண்ணகி தெய்வமானாள். அதற்குமேல் போக இடமில்லை.

சாத்தனார் போகிறார். தெய்வமான கண்ணகி பேசுகிறாள். மதுரைத் தெய்வம் முற்பிறவி வினையை எடுத்துச் சொல்லியும், தன் சினம் தணியாமல் நகரை எரித்ததை அவளே சொல்கிறாள். இப்போது விண்ணுலக வாழ்வு கிடைத்திருந்தாலும், அந்த வினையின் பயன் பின்னால் வந்தே தீரும். மீண்டும் பிறந்து உழன்றபின்தான் விடுதலை என்கிறாள். முதல் நூல் நீதி என்று கொண்டாடிய செயலின் பாக்கிக் கணக்கை, அச்செயலைச் செய்தவளின் வாயாலேயே இரண்டாம் நூல் வாசித்துக் காட்டுகிறது.

இதைச் சமயக் காழ்ப்பு என்று ஒதுக்குவோர் உண்டு. பௌத்த ஆசிரியர் பத்தினித் தெய்வத்தைத் தாழ்த்திவிட்டார் என்பர். மறுப்பதற்காகவே எழுந்த காப்பியங்கள் தமிழில் உண்டு. பௌத்தக் குண்டலகேசிக்கு எதிராகச் சமண நீலகேசி எழுந்தது. மேகலை அந்த வகை அன்று. அதில் கண்ணகி தோற்கடிக்கப்படுவதில்லை. தாயாக இருந்து மகளுக்கு வழிசொல்கிறாள். தான் செய்ததை அறிந்தவளாக, தன் மகள் வேறு செய்யட்டும் என்று விடுகிறாள். எரிந்த மதுரையில் எத்தனை பேர் சோறின்றி நின்றார்கள் என்ற கேள்வி சிலம்பில் எழவில்லை. எழவேண்டிய தேவையும் அந்நூலுக்கு இல்லை. எரிந்த நகரின் மறுநாளைப் பற்றிக் கேட்பது தொடர்ச்சியின் வேலை.

குறைகள்

மேகலை குறையற்ற நூல் என்று வாதிட நான் வரவில்லை. கிளைக்கதைகள் அடுக்கடுக்காய் வந்து மையக்கதையை மூடுகின்றன. ஆயினும் அக்கிளைகளே நூலின் வாதமுறை என்று பௌலா ரிச்மன் 1988-இல் எழுதிய நூல் படிக்கத்தக்கது. மணிமேகலை தானே முடிவெடுக்கும் இடங்கள் நூலின் முற்பகுதியில் குறைவு. தெய்வங்கள் அவளைத் தூக்கிச் செல்கின்றன, எழுப்புகின்றன, வருவதுரைக்கின்றன. கானல்வரிக்கோ ஆய்ச்சியர் குரவைக்கோ இணையான இசைப்பகுதி இதில் இல்லை. இருபத்தேழாம் காதையில் ஆண் துறவி வேடத்தில் அவள் பல சமயத்தாரிடம் கேட்கும் கொள்கைகளும், இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் உரைக்கும் அளவை இலக்கணமும் பொதுவாசகனை வாசலிலேயே நிறுத்திவிடும். டிராகன் குவெஸ்டின் இரண்டாம் பாகத்துக் கடைசி மலைக்குகையைப் போல, பலர் அங்கேயே ஆட்டத்தைக் கைவிட்டனர்.

ஆனால் வரலாற்று ஆய்வாளர்களுக்கு அந்தக் கடினப் பகுதியே புதையலாயிற்று. திக்நாகர் மரபின் தருக்க நூல்களோடு அதை ஒப்பிட்டுக் காலம் கணிக்கும் வாதம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சூடாக நடந்தது, எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928-இல் மேகலையின் வரலாற்றுப் பின்னணி பற்றித் தனிநூலே எழுதினார்.

தீர்ப்பு எழுதப்பட்ட கதை

இத்தீர்ப்புக்கு நூலின் குணம் மட்டும் காரணமன்று, வரலாறும் காரணம். சிலம்புக்கு அரும்பதவுரை உண்டு; முழுமையாகக் கிடைக்காவிடினும் அடியார்க்குநல்லார் உரை உண்டு. மேகலைக்குப் பழைய உரை ஒன்றுமில்லை. தமிழகத்தில் பௌத்தம் மறைந்தபின் அந்நூலைப் பாடம் சொல்ல ஆளில்லை.

1880 அக்டோபரில் கும்பகோணத்தில் முன்சீபாயிருந்த சேலம் இராமசாமி முதலியார், தம்மைக் காணவந்த உ.வே. சாமிநாதையரிடம், சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டது தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் திருப்புமுனை. அக்கேள்வியைக் கேட்டவர் எங்கள் பழைய மாவட்டத்துக்காரர் என்பதில் எனக்குச் சிறு பெருமிதம் உண்டு. 1965-இல் பிரியும்வரை தருமபுரி சேலத்தின் பகுதி. சிலம்பை 1892-இலும் மேகலையை 1898-இலும் ஐயர் பதிப்பித்தார். மேகலையின் மூலத்தை மயிலை சண்முகம் பிள்ளை முன்பே அச்சிட்டிருந்தார். ஆனால் விளங்கிக்கொள்ளும் வழி அடைபட்டே கிடந்தது. கும்பகோணம் கல்லூரியில் உடன்பணியாற்றிய மளூர் ரங்காசாரியர் இது பௌத்த நூல் என்று தெளிவித்து உதவியபின்தான் ஐயருக்கே கதவு திறந்தது. புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றைத் தாமே எழுதிச் சேர்த்து, அரும்பதவுரையோடு அவர் நூலை வெளியிட்டார். பின்னர் ந.மு. வேங்கடசாமி நாட்டார் தொடங்கிய உரையை ஒளவை சு. துரைசாமிப் பிள்ளை நிறைவு செய்தார்.

அதற்குள் கண்ணகி மேடைக்கும் திரைக்கும் அரசியலுக்கும் போய்விட்டாள். சங்கரதாஸ் சுவாமிகளின் கோவலன் நாடகம், 1942-இன் 'கண்ணகி', 1964-இன் 'பூம்புகார்', 1968-இல் மெரினாவில் சிலை, 2001-இல் அச்சிலை அகற்றப்பட்டது, 2006-இல் மீண்டும் நிறுவப்பட்டது. 1940-இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்த 'மணிமேகலை' வந்ததை இன்று நினைவுகூர்வோர் குறைவு. சினந்த பெண்ணுக்குச் சிலை எழுப்புவது எளிது. சோறு போடும் பெண்ணை எப்படிச் சிலையாக்குவது?

காவிரியின் இரு முனைகள்

மேகலையின் பதிகம் காவிரியின் பிறப்பைச் சொல்லித் தொடங்குகிறது. சோழன் காந்தமன் வேண்ட, அகத்தியர் தம் கரகத்தைக் கவிழ்க்க, காவிரி பெருகி ஓடிவந்து புகாரை அடைகிறது. கவிழ்ந்த ஒரு பாத்திரத்தைப் பதிகத்தில் சொல்லும் நூல், வற்றாத ஒரு பாத்திரத்தை மையமாகக் கொள்கிறது. புகார் அந்த ஆற்றின் கடைமுனை. அதே ஆறு ஏரியூருக்கு அருகே நாகமரையில் மேட்டூர் நீர்த்தேக்கமாய் விரிந்து கிடக்கிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையைத் தாண்டியே நீர் சோழநாடு செல்லும். ஆறு அருகிருந்தும் எங்கள் நிலம் பெரும்பகுதி மானாவாரி. 1876-78-இன் தாது வருடப் பஞ்சத்தில் கொடிய அடிவாங்கிய மாவட்டங்களில் அன்றைய சேலமும் ஒன்று. இந்த மண்ணில் நின்று மேகலையின் இருபத்தெட்டாம் காதையைப் படிப்பது வேறோர் அனுபவம். மழை பொய்த்த காஞ்சியில், பல மொழி பேசும் மக்கள், கண்ணிழந்தோர், காலிழந்தோர், ஆதரவற்றோர் என அனைவரும் கூட, எல்லோருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து அவள் சோறிடுகிறாள். உண்ண வருபவனின் குலமோ சமயமோ அங்கே கேட்கப்படுவதில்லை.

1956-இல் தொடங்கிய பள்ளி மதிய உணவு 1982-இல் சத்துணவாய் விரிந்து, 2022-இல் காலை உணவையும் சேர்த்துக்கொண்டது. இவற்றைப் பாராட்டும் மேடைகளிலெல்லாம் அமுதசுரபி என்ற சொல் வந்துவிடுகிறது. அச்சொல்லை நமக்குத் தந்த நூலை மட்டும் நாம் நிழல் என்கிறோம்.

சிலம்பைவிட மேகலை சிறந்த கவிதையா என்றால், இல்லை. ஆனால் அக்கேள்வியோடு வழக்கை முடித்துவிட்டால் இரண்டாம் பாகம் எதற்காக எழுதப்படுகிறது என்பதே நமக்கு விளங்காது. முதல் பாகம் அநீதி கண்ட ஒருத்தி என்ன செய்வாள் என்று கேட்டது. அதற்கு அது தந்த விடை நெருப்பு. அந்த விடையின் அழகை எவரும் மறுக்க இயலாது. நெருப்பு அணைந்தபின் அவள் மகள் என்ன செய்வாள் என்று இரண்டாம் பாகம் கேட்டது. சிலம்பின் நூற்கட்டுரையே மணிமேகலையோடுதான் கதைப்பொருள் முற்றுப்பெறும் என்கிறது. மூல நூலே ஒப்புக்கொண்ட உரிமையை வாசகர்களாகிய நாம் ஏன் மறுக்க வேண்டும்? அடுத்த முறை வழக்குரை காதையைப் படித்து முடித்ததும் நூலை மூடிவிடாமல், உடனே பாத்திரம் பெற்ற காதையைத் திறந்து பாருங்கள். இரண்டு காதைகளுக்கும் நடுவே உள்ள தொலைவுதான் தமிழ்ச் சிந்தனை நடந்து கடந்த தொலைவு.